நடந்து போய்ச் சேர வேண்டிய ஊர்

மருமகனுக்கு மாமன் எழுதுவது.

துலூஸில் உன் படிப்பு நல்லவிதமாக நடந்து வருகிறதென்றும், ஈஸ்டர் விடுமுறையில் நண்பன் ஒருவனுடைய காரை எடுத்துக்கொண்டு நாலைந்து நாளைக்குள் பத்துப் பன்னிரண்டு ஊர்களைப் பார்த்துவிட உத்தேசித்திருக்கிறாயென்றும் அக்கா எழுதியிருந்தாள். அந்த ஜாபிதாவில் அவெய்ரோன் மாவட்டத்துக் கோங்க் கிராமத்துக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாயாம். மற்ற ஊர்களைப் பற்றி எனக்கு வழக்கொன்றும் இல்லை; அவற்றைக் காரிலேயே பார். கோங்குக்கு மட்டும் நீ கால்நடையாகப் போய்ச் சேர வேண்டும், ஓர் இரவாவது அங்கே தங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

லெ புய் நகரத்திலிருந்து புறப்பட்டு ஸ்பெயின் தேசத்துச் சாந்தியாகோவை நோக்கிப் போகும் யாத்திரிகர்களுக்காக மத்திய காலத்திலேயே ஏற்பட்ட பாதைதான், இன்று ஜி.ஆர். 65 என்னும் எண்ணுடன் கோங்கின் வழியே செல்கிறது. நீ பஸ்ஸிலோ நண்பன் தயவிலோ சேனெர்க் என்ற கிராமத்தில் இறங்கிக்கொண்டால், அங்கிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். மேட்டு நிலத்துப் புல்வெளிகளின் ஓரமாக நடந்து, கடைசியில் செஸ்நட் மரங்கள் அடர்ந்த சரிவில் கரடுமுரடான கல்வழியாக இறங்க வேண்டும். மழை பெய்திருந்தால் அந்தப் பலகைக் கற்கள் வழுக்கும். ஆகையால் அழுத்தமான அடிப்பாகமுள்ள செருப்பு இல்லாமல் போகாதே. மரங்களிலும் கற்களிலும் வெள்ளைக் கோடு மேலும் சிவப்புக் கோடு கீழுமாகத் தீட்டியிருப்பார்கள். அவ்விரு வர்ணங்களே குறுக்காகப் பெருக்கல் குறிபோல் அமைந்திருந்தால் அவ்வழி உன் வழியல்ல, திரும்பிவிடு. 1947 முதல் பிரான்சு முழுவதும் இந்த நெடும்பாதைகளைக் குறித்து, தூரிகையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு ஆண்டுதோறும் செப்பனிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வழியில் வேலிக்கதவு எதையேனும் திறந்தாயானால் மறுபடி சாத்திவிட்டுப் போ. ஓப்ராக் இனத்துப் பசுக்கள், பழுப்பு உடம்பும் மை தீட்டினாற்போன்ற கண்களுமாகப் பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கும், எனினும் கன்றுடன் நிற்கும் பசுவின் அருகே போகாதே.

இடையே கிராமங்களைக் கடக்கையில், 1914 முதல் 1918 வரை நடந்த போரில் மாண்ட உள்ளூர்க்காரர்களின் பெயர்களைப் பொறித்த கல்லைக் காண்பாய், நின்று படி. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தால், சில நூறு பேரே வாழும் ஊருக்கு அந்தப் போர் செய்தது என்னவென்று விளங்கும். நம் புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள நினைவுச் சின்னமும் அதே போரில் பிரான்சின் பொருட்டு உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுந்ததே என்பது உனக்குத் தெரியாததல்ல. எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் முதலில் ‘போன்ழூர்’ சொல். பெருநகரத்தில் அதைச் சொல்லாமல் கடந்து போகலாம், கிராமத்தில் கடந்து போனால் அவமரியாதை.

மாலை நேரத்தில் போய்ச் சேரும்படி புறப்படு. காரணம் இருக்கிறது: சாந்த் ஃபுவா கோயிலின் முகப்பு மேற்கு நோக்கியது, வாயிலுக்கு மேலே அரைவட்டத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்பின் காட்சி சாயங்கால வெயிலில்தான் நன்கு துலங்கும். அதில் 124 உருவங்கள் இருக்கின்றன. நடுவில் கிறிஸ்து வலக்கையை உயர்த்தியும் இடக்கையைத் தாழ்த்தியும் வீற்றிருக்க, ஒரு பக்கம் ரட்சிக்கப்பட்டோர் அமைதியாக அணிவகுக்கிறார்கள், மறுபக்கம் நரகத்தின் அமளி. கழுத்தில் பணப்பை தொங்கத் தூக்கிலிடப்பட்ட லோபியையும், குதிரையோடு தலைகீழாக விழும் வீரனையும் தேடிப் பார். ரட்சிக்கப்பட்டோர் பக்கத்தில், தேவனுடைய கரத்துக்கு முன்பாகச் சாஷ்டாங்கமாக விழுந்து வேண்டும் சிறுமிதான், கோயிலுக்குப் பெயர் தந்த புனிதை சாந்த் ஃபுவா. அவளால் விடுதலையடைந்த கைதிகள் காணிக்கையாகச் செலுத்திய விலங்குகள் பின்னால் தொங்குகின்றன. வளைவின் விளிம்பில், மதிலுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பிள்ளைகளைப் போல், சில முகங்கள் கல்மடிப்பைப் பற்றிக்கொண்டு பார்ப்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்; அந்த நேரத்தை உனக்குத் தருவதற்காகவே ஒரு மணி நேரத் திட்டத்தைக் கைவிடச் சொல்கிறேன்.

அந்தச் சிறுமியின் அஸ்தி கோங்குக்கு வந்த விருத்தாந்தம் அவ்வளவு கௌரவமானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இக்கோயிலைச் சேர்ந்த மடத்துத் துறவி ஒருவர் அழான் நகருக்குப் போய், அங்குள்ளோரின் நம்பிக்கைக்கு ஆண்டுக்கணக்கில் பாத்திரராயிருந்து, சமயம் பார்த்து எடுத்து வந்துவிட்டார் என்று மடத்தின் சரித்திரமே ஒளிக்காமல் கூறுகிறது. மரத்தின்மேல் பொற்றகடு போர்த்த அவளுடைய விக்கிரகம் பொக்கிஷ சாலையில் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறது; யாத்திரிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் செலுத்திய ரத்தினங்கள் அதன் மேனியெங்கும் பதிந்திருக்கின்றன; அதன் பொன்முகம் மட்டும் ரோமானியர் காலத்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் உருக்குலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில், இவ்வூரார் அந்தப் பொக்கிஷத்தைப் பங்கிட்டுத் தங்கள் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்து, ஆபத்து நீங்கிய பின் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏழைக் குடியானவர்கள், அப்பா, கண்ணாடிக்கப்பால் இருக்கும் அந்தப் பொன்னைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள். பின்னர் கோயில் கட்டடம் சிதைந்து கிடந்தபோது, 1837-ல் சரித்திரச் சின்னங்களின் இன்ஸ்பெக்டராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே என்ற எழுத்தாளர் அதன் அருமையை அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். ஆனால் அவர் வந்து பார்ப்பதற்கு ஏதேனும் மிச்சமிருந்ததற்கு ஊராரே காரணம் என்பது என் துணிபு.

உள்ளே போனதும் சாளரங்களைப் பார். பக்கத்து ரோதெஸ் நகரத்தில் பிறந்து, பள்ளிச் சிறுவனாக இங்கே வந்தபோதே கலைக்குத் தம்மை அர்ப்பணிக்கத் தீர்மானித்த பியேர் சூலாழ், 104 சாளரங்களுக்கும் வர்ணமில்லாத கண்ணாடியை அமைத்து 1994-ல் நிறைவேற்றினார். வெளியேயுள்ள மரமும் மலையும் அதனூடே தெரியா. ஒளி மட்டும் கசிந்து, காலையில் ஒரு சாயலும் மாலையில் வேறொரு சாயலுமாகக் கல்லின்மேல் படியும். இந்த மாறுதலைக் காண்பதற்கு அஸ்தமனத்துக்கு முன்பும் மறுநாள் விடிந்த பின்பும் இருமுறை உள்ளே போக வேண்டும். உச்சி வேளையில் வந்து போகிறவர்கள் வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

இரவு, யாத்திரிகர்களுக்கான ழீத் விடுதியில் தங்கு. ஈஸ்டர் சமயத்தில் இடம் கிடைப்பது அரிதாகையால் இப்போதே எழுதிக் கேட்டுவிடு. மாமிசம் உண்ணாதவன் என்பதையும் அப்போதே தெரிவி, முன்கூட்டிச் சொன்னால் உருளைக்கிழங்கும் புதிய பாலாடைக்கட்டியும் சேர்த்து மசித்துக் கிண்டும் அலிகோவைச் செய்து போடக்கூடும். காலணிகளை வாசலிலேயே கழற்றி வைப்பதும், பத்து மணிக்குமேல் பேச்சை நிறுத்துவதும் அங்கே வழக்கம். பகலில் வந்த கூட்டம் பஸ் ஏறிப் போன பிறகு, கல்லோடு வேய்ந்த கூரைகளும் மரச்சட்டச் சுவர்களுமான அந்தத் தெருக்களில் முன்னூறு பேருக்கும் குறைவானவர்களுடைய ஊர் மீண்டும் அவர்களுடையதாகிறது. அதில் நீ விருந்தாளி. சன்னலுக்குள் காமெராவை நீட்டாதே. ஒரு காப்பியையோ ரொட்டியையோ அங்கேயே விலைகொடுத்து வாங்கு, துலூஸிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போகாதே. கடை ஒன்று பிழைத்திருப்பதற்கும் மூடப்படுவதற்கும் இடையேயுள்ள தூரம் அத்தகைய ஊர்களில் மிகக் குறுகியது.

மறுநாள் காலையில் கோயிலைப் பார்த்த பின், தூர்து ஆற்றின்மேல் வளைந்து நிற்கும் பழைய பாலத்தைக் கடந்து எதிர்மலையில் ஏறு. செங்குத்தான ஏற்றம், மெள்ளப் போ, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், குடிக்கத் தகாத நீர் என்று எழுதியிருக்கும் ஊற்றில் புட்டியை நிரப்பாதே. பாதியில் ஒரு சிறு தேவாலயம் வரும். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும். பிறகு இறங்கி வந்து, ரோதெஸுக்குப் போகும் வண்டியைப் பிடி. வண்டிகள் அங்கே அபூர்வம், நேரத்தை முதல் நாளே விசாரித்துக் குறித்துக்கொள். நண்பனையும் கூட்டிக்கொண்டு போவாயானால் கார் சேனெர்கிலேயே நிற்கட்டும். புறப்படும் தேதியை அக்காவுக்கு எழுது, எனக்கும் ஒரு வரி எழுது.

உன் க்ஷேமத்தை விரும்பும்
மாமன்