பாசனத் தண்ணீரில் உரம் கலக்கும் கணக்கு

கிணற்றுப் பாசனமுள்ள நமது அங்கத்தினர்களிற் பலர் இப்போது சொட்டுநீர்க் குழாய் அமைத்து, உரத்தையும் தண்ணீரோடு கலந்தே பயிருக்கு விடுகின்றனர். முறை நல்லதே. ஆயினும் பீப்பாய்க்கு இத்தனை படி என்று கைமதிப்பாகக் கலக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வருகிறது. சங்கத்திற் பயிர்க்கடனாகப் பெற்ற உரம் இவ்விதம் அளவின்றிக் கரைக்கப்படுமாயின், ஒரு பாகம் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிப் போகும். கரைசல் கடுமையாயின் இலையோரம் கருகும். அசலும் வட்டியும் மாத்திரம் அங்கத்தினர் பேரில் நிற்கும்.

முதலில் அறிய வேண்டுவது யாதெனில், உரத்தின் அளவைத் தீர்மானிப்பது பயிரின் தேவையேயன்றித் தண்ணீரின் அளவு அன்று. தண்ணீரின் அளவு கரைசலின் கடுமையைச் சரிபார்ப்பதற்கே உதவும். ஆகவே கணக்கு இரண்டு உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது.

ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவர் தோட்டத்தில் 1,000 வாழை இருக்கிறது. மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல் சத்து 330 கிராம் வேண்டுமெனக் கொள்வோம். (தங்கள் மண் பரிசோதனை அட்டை வேறு அளவு கூறுமாயின் அதையே கொள்க.) தழைச்சத்து மொத்தம் 110 கிலோ. இதை 110 கிலோ யூரியா என்று எண்ணிவிடுவோர் உளர். 100 கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோவே இருப்பதால், 110-ஐ 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுத்தால் 239 கிலோ யூரியா என்று வரும். பொட்டாஷ் உரத்தில் சாம்பல் சத்து நூற்றுக்கு 60. 330 கிலோவுக்கு 550 கிலோ பொட்டாஷ் வேண்டும். மூட்டைக் கணக்கிலும் கவனம் தேவை. யூரியா மூட்டை 2018-ஆம் வருஷம் முதல் 45 கிலோவாகக் குறைந்துள்ளது. பழைய 50 கிலோ நினைவில் மூட்டையை எண்ணுபவர் மூட்டைக்கு 5 கிலோ குறைவாக இடுகிறார்.

மணிச்சத்தை இக்கணக்கிற் சேர்க்கவில்லை. ராணிப்பேட்டையில் 1906 முதல் உற்பத்தியாகி நம் நாட்டார் நன்கறிந்த சூப்பர் பாஸ்பேட், தண்ணீரில் முழுவதும் கரையாது. அதன் மண்டி குழாயை அடைக்கும். அதில் மணிச்சத்து நூற்றுக்கு 16 ஆதலால், 35 கிலோவுக்கு வேண்டிய 219 கிலோவையும் நடவின்போதே மண்ணில் இட்டுவிடுதல் நலம்.

யூரியாவையும் பொட்டாஷையும் 40 வாரங்களுக்குப் பங்கிட்டால், வாரம் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய யூரியா 6 கிலோ, பொட்டாஷ் 14 கிலோ ஆகும். இது சராசரி மாத்திரமே. இளங்கன்றுக்குக் குறைத்தும் வளர்ந்த மரத்திற்குக் கூட்டியும் கொடுக்க வேண்டும்.

இனி இரண்டாவது கணக்கு. மரத்திற்கு இரண்டு சொட்டுவான்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் வீதம் விட்டால், 1,000 மரங்களுக்கு மணிக்கு 8,000 லிட்டர் போகிறது. உரம் விடும் நேரம் ஒரு மணி எனில், 20 கிலோ உரம் 8,000 லிட்டரில் கலந்து லிட்டருக்கு 2½ கிராம் ஆகும். இது கடுமையே. லிட்டருக்கு 1 முதல் 2 கிராமுக்குள் நிற்பது நல்லது. கிணற்றுத் தண்ணீர் உப்பாயிருப்பின் இன்னும் குறைக்க வேண்டும். அதற்காக உரத்தைக் குறைத்துப் பயிரைப் பட்டினி போடலாகாது. வாரத்திற்கு இருமுறையாகப் பிரித்து, தடவைக்கு யூரியா 3 கிலோ, பொட்டாஷ் 7 கிலோ விட்டால் லிட்டருக்கு 1¼ கிராமாக இறங்கிவிடும்.

சொட்டுவான் 4 லிட்டர் விடுகிறதென்பது விற்றவர் சொன்ன கணக்கு. அதைத் தாமே அளந்து பார்த்தல் வேண்டும். 15 நிமிஷத்தில் ஒரு லிட்டர்ப் பாத்திரம் நிரம்பினால் சரி. வரிசையின் தலைமாட்டில் ஒன்றும் கடைக்கோடியில் ஒன்றுமாக அளப்பதே முறை. பேதம் மிகுந்தால் உரமும் அவ்வாறே ஏற்றத்தாழ்வாகப் போய்ச் சேரும்.

கரைக்கும்போது 100 லிட்டர்ப் பீப்பாயில் பொட்டாஷை முதலில் இட்டுக் கலக்குக. யூரியா கரைகையில் தண்ணீர் குளிர்ந்துபோவதைக் கையால் தொட்டே அறியலாம். குளிர்ந்த தண்ணீரில் பொட்டாஷ் எளிதிற் கரைவதில்லை. சிவப்புப் பொட்டாஷைவிட வெள்ளைப் பொட்டாஷே குழாய்க்கு ஏற்றது. கால்ஷியம் நைட்ரேட்டை மற்ற எவ்வுரத்தோடும் ஒரே பீப்பாயிற் சேர்க்க வேண்டாம்; கந்தகச் சத்தோ மணிச்சத்தோ கலந்த உரத்தோடு சேர்ந்தால் சுண்ணாம்புபோல் திரைந்துவிடும்.

முதல் அரைமணி வெறுந்தண்ணீர், நடுவில் ஒரு மணி உரத்தண்ணீர், கடைசி அரைமணி மீண்டும் வெறுந்தண்ணீர் என்று விடுக. மின்சாரம் திடீரென நின்றால் குழாயிலுள்ள உரத்தண்ணீர் கிணற்றுக்குள் திரும்பக்கூடும். அக்கிணற்றிலேயே குடிதண்ணீர் எடுக்கும் குடும்பங்கள் பல. ஆதலால் பம்புக்கும் உரப் பீப்பாய் இணையும் இடத்திற்கும் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர் அதைப் பொருத்திய பிறகே உரம் விடத் தொடங்க வேண்டும்.