ஊர் நூலகமும் குழந்தைகளின் வளர்ச்சியும்

தாமிரபரணிப் பாசனத்தில் வேளாண்மை செய்வோர் நன்கறிந்த உண்மை ஒன்று உண்டு. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கன்னடியன் கால்வாய் போன்ற கால்வாய்களில் நீர் ஓடுகின்றது. எனினும், உரிய காலத்தில் மடையைத் திறந்தாலன்றி வயலில் பயிர் விளைவதில்லை. நூலகத்தின் நிலையும் இத்தகையதே. அலமாரி நிறைய நூல்கள் இருப்பினும், அவை குழந்தைகளின் கையை அடையாவிடில் அவற்றால் பயனொன்றும் இல்லை.

நூல்கள் காப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்னும் கொள்கையை 1931-ஆம் ஆண்டில் தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தவர், சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி, கிராமந்தோறும் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பெற்றது. வாசகர் வரட்டும் என்று காத்திராமல், வாசகரை நாடி நூல்கள் சென்றன. பின்னர், 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின் வழியே நூலக வரி ஏற்பட்டது. இன்று வீட்டு வரியாக 100 ரூபாய் செலுத்துவோர், அதனுடன் நூலக வரியாக 10 ரூபாய் செலுத்துகின்றனர். ஆதலின், நூலகம் எவரோ அளிக்கும் கொடையன்று, ஊராரின் உரிமையாகும்.

நூல் படிப்பதால் குழந்தைக்கு விளையும் நன்மை யாது? வீட்டிலும் தெருவிலும் கேட்கும் சொற்களோடு குழந்தை பள்ளிக்கு வருகின்றது. கதை நூல்களோ, அது காணாத கடலையும் காட்டையும், கேளாத சொற்களையும் அதற்கு அறிமுகம் செய்கின்றன. எழுத்தெழுத்தாகத் தட்டுத் தடுமாறிப் படிக்கும் குழந்தை, வாக்கியத்தின் முடிவை எட்டுமுன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றது. அத்தடுமாற்றம் நீங்குவதற்குப் பழக்கம் ஒன்றே வழி. சரளமாகப் படிக்கும் திறன் கைவந்தபின், கணக்கில் கேட்கப்படும் வினாவும் அறிவியற் பாடமும் எளிதில் விளங்கும். ஆனால், வற்புறுத்தலால் இப்பழக்கம் நிலைப்பதில்லை. மகிழ்ச்சியால் மட்டுமே நிலைக்கும். தேர்வுக்கெனப் படிக்கும் பாடநூலுக்கு அப்பால், தானே விரும்பி எடுக்கும் நூல் ஒன்று குழந்தைக்கு வேண்டும்.

கூடிப் படிக்கும் மகிழ்ச்சி நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’யில், அன்பர்கள் கம்பன் கவிகளை வாய்விட்டுப் படித்துச் சுவைத்தனர். இராசவல்லிபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட எழுத்தாளர் வல்லிக்கண்ணன், படிப்பதையும் எழுதுவதையுமே தம் வாழ்க்கையாகக் கொண்டார். 1978-இல் சாகித்திய அக்காதெமி பரிசும் பெற்றார். ஆற்றங்கரைச் சிற்றூரினரும் நூல்களால் உயர்ந்த இடத்தை அடையக்கூடும் என்பதற்கு அவர் சான்றாவார்.

2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பெற்றன. அவற்றுள் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. குழந்தைகள் பள்ளியில் இருக்கும் வேளையில் மட்டும் திறந்திருக்கும் நூலகமும், அவர்களைப் பொறுத்தவரை பூட்டிய நூலகமே. ஆகவே, ஊராட்சி உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. பள்ளி விடும் மாலை வேளையிலும் விடுமுறை நாட்களிலும் நூலகம் திறந்திருக்க வேண்டும்.

2. குழந்தை நூல்களைப் பூட்டிய அலமாரியில் வையாமல், அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்க வேண்டும்.

3. ஒரு குறிப்பேட்டில் பெயரெழுதி, நூல்களை வீட்டிற்கு எடுத்துச் செல்ல இசைய வேண்டும். படித்துக் கிழிந்த நூலைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. எவரும் தொடாத நூலைக் கண்டே வருந்த வேண்டும்.

4. வாரம் ஒருநாள், படிக்கத் தெரிந்த ஒருவர் குழந்தைகளைக் கூட்டி ஒரு கதையை உரக்கப் படிக்க வேண்டும்.

5. வசூலித்த நூலக வரியை மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்குக் காலத்தில் செலுத்தி, நூலகத்தின் நிலையை கிராம சபையில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்துரைக்க வேண்டும்.

பெற்றோர்க்கும் பங்குண்டு. எழுத்தறியாத தாயும் தந்தையும், ‘அந்தக் கதையைப் படி, கேட்போம்’ என்று மகளிடம் சொல்லலாம். வயல் வேலை முடித்து வந்தோர் திண்ணையில் அமர்ந்து செவிசாய்ப்பின், குழந்தையின் உள்ளத்தில் பெருமிதம் பிறக்கும். அடுத்த நாள் மற்றொரு நூலைத் தேடி அதுவே நூலகத்திற்குச் செல்லும்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. வேண்டுவது, சாவியைக் கையில் வைத்திருப்பவர் நாள்தோறும் மாலையில் வந்து கதவைத் திறப்பதே ஆகும். கடைமடைக்கும் நீர் சேர்கின்றதா என்று பார்ப்பது நம் உழவர் வழக்கம். அவ்வாறே, ஊரின் கடைசித் தெருவிலுள்ள குழந்தைக்கும் நூல் சேர்கின்றதா என்று பார்ப்பது ஊராட்சியின் கடமையாகும்.