பாடம் 9: இணைய மறுக்கும் வன்தட்டு

கற்றல் பயன்கள்

- புதிய மடிக்கணினியில் புறவன்தட்டு தோன்றாதபோது காரணத்தைப் படிப்படியாக ஆராய்ந்தறிதல்
- தொழில்நுட்பச் செய்தியைத் தமிழில் படித்துப் பொருளுணர்தல்
- வினைத்தொகை, பண்புத்தொகை, எதிர்மறைப் பெயரெச்சம் ஆகியவற்றை இனங்காணல்

முன்னுரை

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பழைய நினைவுகள் இன்று மரப்பெட்டிகளில் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவிக்குள் இருக்கின்றன. ஊர்த் திருவிழாவின் நிழற்படங்கள், அத்தையின் திருமணக் காணொளி, மறைந்த தாத்தாவின் குரல் பதிவு ஆகியவற்றையெல்லாம் காத்துவைக்கும் அக்கருவியே புறவன்தட்டு. மக்கள் வழக்கில் அது 'எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்' எனப்படும்.

பழைய கணினி ஓய்வுபெற்று, புதிய மடிக்கணினி வீட்டுக்கு வருகிறது. புறவன்தட்டை அதனுடன் இணைக்கின்றனர். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. 'எல்லாம் அழிந்துவிட்டதே!' என்று வீடே கலங்குகிறது. ஆனால், தட்டு கண்ணுக்குத் தோன்றாமை வேறு. அதிலுள்ளவை அழிந்துபோதல் வேறு. பல வேளைகளில் குறை வடத்திலோ, மின்னாற்றலிலோ, கணினியின் அமைப்பிலோதான் இருக்கும். பதற்றத்தில் தவறான பொத்தானை அழுத்துவதே உண்மையான அழிவுக்கு வழிவகுக்கும்.

வன்தட்டும் யூ.எஸ்.பி.யும்

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்தட்டு இயக்கியை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய கருவியில் 50 இலட்சம் எழுத்துகளையே சேமிக்க முடிந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டு, ஏறத்தாழ அதனைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு சேமிக்கிறது.

வன்தட்டின் உள்ளே காந்தப்பூச்சுடைய தட்டுகள் சுழல்கின்றன. பல புறவன்தட்டுகளில் அவை நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். தட்டின்மேல் படாமல், தலைமயிரின் தடிமனைவிட மிகச் சிறிய இடைவெளியில், படிப்புமுனை மிதந்தவாறு செய்திகளைப் படிக்கிறது. இயங்கும் வன்தட்டைக் கீழே போடக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

கணினியையும் வன்தட்டையும் இணைக்கும் பாலம் யூ.எஸ்.பி. ஆகும். முற்காலத்தில் அச்சுப்பொறிக்கும் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் வெவ்வேறு வடிவச் செருகுதுளைகள் இருந்தன. அக்குழப்பத்தைத் தீர்க்க, பல நிறுவனங்கள் கூடி உருவாக்கிய பொதுத்தரம் 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்முயற்சியில் முன்னின்றவருள் ஒருவர் குசராத்தின் வதோதராவில் பிறந்த அஜய் பட். அவர் அப்போது இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றினார்.

யூ.எஸ்.பி. வடம் இரண்டு பணிகளைச் செய்கிறது: மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது, செய்தியையும் கொண்டு செல்கிறது. இரண்டில் ஒன்று தடைப்பட்டாலும் வன்தட்டு கணினியில் தோன்றாது. ஆகவே, குறையை ஆராய்பவர் மூன்று அடையாளங்களை வரிசையாக நோக்க வேண்டும். அவை ஒளி, ஒலி, பெயர் என்பன.

முதல் அடையாளம்: ஒளி

புறவன்தட்டுகள் பலவற்றில் சிறுவிளக்கு ஒன்று இருக்கும். இணைத்ததும் அது எரியவில்லையெனில், மின்சாரம் சென்று சேரவில்லை என்று கருதலாம். யூ.எஸ்.பி. 2.0 செருகுதுளை 500 மில்லி ஆம்பியர் வரையிலும், யூ.எஸ்.பி. 3.0 செருகுதுளை 900 மில்லி ஆம்பியர் வரையிலும் மின்னோட்டம் தரும் என்பது பொதுத்தரத்தின் விதி. தனி மின்னிணைப்பு இல்லாத 'ஹப்' என்னும் பல்துளைப் பெட்டியில் சுட்டி, விசைப்பலகை, வன்தட்டு ஆகிய அனைத்தையும் செருகினால், ஒரு துளையின் மின்னோட்டம் அவற்றுக்கிடையே பங்கிடப்படும். அப்போது வன்தட்டின் சுழற்சிக்கு ஆற்றல் போதாமற்போகலாம். எனவே வன்தட்டை மடிக்கணினியின் துளையிலேயே நேராகச் செருகிப் பார்ப்பது நன்று. மேசைமேல் வைக்கப்படும் பெரிய 3.5 அங்குல வன்தட்டுக்கோ, சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து தனி மின்சாரம் வேண்டும்.

புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் நீள்வட்ட வடிவமுள்ள டைப்-சி துளைகள் மட்டுமே உள்ளன. 2014-இல் வெளியான இவ்வடிவத்தை எப்பக்கம் திருப்பியும் செருகலாம். ஆயினும் பழைய வன்தட்டின் அகன்ற செருகி இதில் நுழையாது. இடையில் 'அடாப்டர்' என்னும் இணைப்பி வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் வடங்கள் சில உண்டு. அவற்றில் செய்தியைக் கடத்தும் கம்பிகளே இல்லை. அத்தகைய வடத்தால் இணைத்தால் விளக்கு எரியும். ஆனால் வன்தட்டு தோன்றாது. ஆதலால் முதலில் மாற்ற வேண்டியது வடம், அடுத்து மாற்ற வேண்டியது துளை, அதன்பின் இணைப்பி. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒருங்கே மாற்றினால், குறை எதிலிருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

இரண்டாம் அடையாளம்: ஒலி

நலமான வன்தட்டைக் காதருகே கொண்டுசென்றால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஒலியே இல்லையெனில் மின்சாரம் போதவில்லை எனலாம். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு இல்லாமையால் அது இயல்பாகவே ஒலி எழுப்பாது.

'டிக், டிக்' என்று விடாமல் ஒலித்தால், அஃது எச்சரிக்கை. படிப்புமுனை தன் இடத்தைக் காணாமல் மீண்டும் மீண்டும் தேடுகிறது என்று பொருள்கொள்ளலாம். அந்நிலையில் உடனே இணைப்பை நீக்குதல் வேண்டும். தட்டுவதும், குலுக்குவதும், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், திருகாணிகளைக் கழற்றிப் பார்ப்பதும் கேட்டையே விளைவிக்கும். உள்ளே நுழையும் ஒரு தூசியும் படிப்புமுனைக்குப் பாறை போன்றது.

செகந்திராபாத்தின் பார்க் லேன் பகுதியிலுள்ள செனாய் டிரேடு சென்டர், கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற வளாகம். நல்ல வடமோ இணைப்பியோ வாங்க அத்தகைய கடைகள் உதவும். ஆனால் வன்தட்டைத் திறந்து செய்திகளை மீட்கும் பணி, தூசியற்ற தனியறையும் பயிற்சியும் உடையோர்க்கே உரியது. திறப்பதற்கு முன், அத்தகைய அறை உண்டா என்று கேட்டறிவது வீட்டாரின் கடமை.

மூன்றாம் அடையாளம்: பெயர்

விளக்கு எரிகிறது, ரீங்காரமும் கேட்கிறது, ஆயினும் கோப்புகள் தோன்றவில்லை. இப்போது கணினிக்குள் தேட வேண்டும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் ஒருங்கே அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்தால், இணைக்கப்பட்டுள்ள தட்டுகள் அனைத்தும் வரிசையாகத் தோன்றும். மேக் கணினியில் இதற்கு 'டிஸ்க் யுடிலிட்டி' உள்ளது.

அங்கே வன்தட்டு இருந்து, அதற்கு 'இ', 'எஃப்' போன்ற ஆங்கில எழுத்து இடப்படாமல் இருக்கலாம். கதவிலக்கம் இல்லாத வீட்டுக்கு அஞ்சல்காரர் செல்ல இயலாததைப்போல, எழுத்தில்லாத தட்டினுள் கணினி செல்வதில்லை. ஓர் எழுத்தை இட்டுவிட்டால் கோப்புகள் தோன்றும். இதனால் எதுவும் அழியாது.

சில வேளைகளில் தட்டு எழுதப்பட்டுள்ள முறையே புதிய கணினிக்குப் புரியாது. ஆப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ். முறையில் அமைந்த தட்டை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த தட்டை மேக் படிக்கும். ஆனால் அதில் எழுதாது. எக்ஸ்-ஃபேட் முறையை இரண்டும் ஏற்கும். மொழி தெரியாதவர் கையில் கிடைத்த கடிதம் வெற்றுத்தாள் ஆகிவிடாது. அதுபோலவே, கணினிக்குப் புரியாத தட்டும் வெற்றுத்தட்டு அன்று.

இந்த இடத்தில்தான் பேரிடர் காத்திருக்கிறது. புரியாத தட்டைக் கண்ட விண்டோஸ், 'பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்றும் சில வேளைகளில் வினவும். இரண்டுக்கும் விடை 'கேன்சல்' என்பதே. ஃபார்மட் செய்தால் கோப்புகளின் பட்டியல் நீங்கிவிடும். அதன்மேல் புதியன எழுதப்பட்டால் பழையன மீளா. ஆகவே, முன்பு அத்தட்டைப் படித்த பழைய கணினியிலோ, அதே வகையைச் சேர்ந்த உறவினரின் கணினியிலோ இணைத்து, முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொல் கேட்கும் தட்டு பழுதுபட்டது அன்று, பூட்டப்பட்டது. 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால், கடவுச்சொல்லோ 48 இலக்கமுள்ள மீட்புத் திறவோ வேண்டும். பழைய கணினியைப் பிறருக்குக் கொடுக்குமுன் அதனைத் தேடி எழுதிவைத்தல் அறிவுடைமை.

ஐதராபாத் தந்த படிப்பினை

ஐதராபாத்தின் கச்சிபௌலியில் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 1998-இல் தோன்றியது. பழைய நூல்களை மின்வடிவாக்கும் 'பத்து இலட்சம் நூல்கள்' என்னும் உலகளாவிய திட்டத்தில் இக்கழகமும் பங்குகொண்டது. அத்திட்டத்தின் தூண்டுகோல், பேராசிரியர் ராஜ் ரெட்டி. ஆந்திரத்தில் பிறந்து, சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற அவர், 1994-இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றவர். 2007-ஆம் ஆண்டில் அத்திட்டம் பத்து இலட்சம் நூல்கள் என்னும் இலக்கைக் கடந்தது. அதன் இந்தியப் பகுதியான 'இந்திய மின்னூலகத்தில்' தமிழ் நூல்களும் இடம்பெற்றன.

பின்னாளில் அம்மின்னூலகத்தின் பழைய இணையதளம் செயலற்றுப் போயிற்று. எனினும் அதன் நூல்கள் இலட்சக்கணக்கில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் அமெரிக்க இணைய ஆவணகத்தில் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஆதலால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

ஓலைச்சுவடிக் காலத்திலும் நிலைமை இதுவே. சுவடி செல்லரித்து மறையுமுன் அதனைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதினர். அவ்வாறு வெவ்வேறு ஊர்களில் படிகள் எஞ்சியிருந்தமையால்தான், உ. வே. சாமிநாதையர் அவற்றைத் திரட்டி ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. ஓலையோ, வன்தட்டோ, ஒரே படியை மட்டும் நம்புதல் ஆகாது.

வன்தட்டு மீண்டும் தோன்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மற்றொரு தட்டில் படியெடுத்தல். ஒரு படி ஐதராபாத்து வீட்டில் இருக்கலாம். மற்றொரு படி ஊரிலுள்ள பாட்டியின் வீட்டில் இருக்கலாம். ஆண்டுக்கொருமுறை இரண்டையும் கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பை நீக்குமுன் 'இஜெக்ட்' என்னும் கட்டளையைத் தரும் வழக்கமும் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கப்படும் வடமே கோப்புகள் பல சிதையக் காரணமாகிறது.

அருஞ்சொற்பொருள்

- செருகுதுளை – வடத்தின் முனையைச் செருகும் இடம் (போர்ட்)
- வடம் – கம்பி இணைப்பு (கேபிள்)
- படியெடுத்தல் – உள்ளதை உள்ளவாறே மற்றொன்றில் பதிதல்
- ரீங்காரம் – வண்டின் ஒலி போன்ற மெல்லிய ஓசை
- செல்லரித்தல் – கறையானால் அரிக்கப்படுதல்

இலக்கணக் குறிப்பு

- வன்தட்டு – பண்புத்தொகை
- செருகுதுளை – வினைத்தொகை
- பழுதுபடாத தட்டு – எதிர்மறைப் பெயரெச்சம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. யூ.எஸ்.பி. பொதுத்தரம் வெளியான ஆண்டு ________.
2. விண்டோஸ், மேக் ஆகிய இரண்டும் ஏற்கும் முறை ________.
3. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தவர் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. விளக்கு எரிந்தும் வன்தட்டு தோன்றாமைக்கு வடம் எவ்வாறு காரணமாகலாம்?
2. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது ஏன்?
3. 'டிக், டிக்' என்னும் ஒலி கேட்டால் செய்யத் தகாதவை யாவை?

இ. விரிவாக விடை எழுதுக.

'கணினிக்குப் புரியாத தட்டு வெற்றுத்தட்டு அன்று.' இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

ஈ. இலக்கணக் குறிப்புத் தருக.

சுழல்தட்டு, இணையாத வடம், சிறுவிளக்கு

உ. செயல்பாடு

உங்கள் வீட்டிலுள்ள புறவன்தட்டில் எவை சேமிக்கப்பட்டுள்ளன என்று பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவை எவை எனக் குறிக்க. அவற்றைப் படியெடுத்து வைக்குமாறு வேண்டி, ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் ஒரு கடிதம் எழுதுக.