குடும்ப அட்டையில் வீட்டுப் பெண்களின் பெயர் இருக்கிறதா?

நெற்பயிரின் இலை பழுத்தால் மறுநாளே நான்கு தூர்களைப் பிடுங்கிக்கொண்டு வேளாண் அலுவலரைத் தேடிப் போகிறோம். கறவை மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறோம். வீட்டுப் பெண் இடுப்பு வலி என்றால் மட்டும், "நடவு முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். இதைக் குறையாகச் சொல்வதாக உழவர் பெருமக்கள் எண்ண வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பெண்ணே முதலில் அப்படிச் சொல்கிறாள். செலவை நினைத்துத்தான் சொல்கிறாள்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊரில் சம்பா பருவத்திற்கு முன் விதைநேர்த்திப் பயிற்சி நடத்தினோம். அப்போது ஓர் உழவர் தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம், வீட்டில் ஒரு பட்டுத்தறி. மனைவிக்குக் கருப்பையில் கட்டி என்று அறுவை மருத்துவம் செய்யச் சொன்னார்கள். காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் போனார். அந்த அட்டையில் அவர் பெயர், தாய் பெயர், தந்தை பெயர் இருந்தன. மனைவியின் பெயர் இல்லை. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியும் அவள் பெயர் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலேயே கிடந்தது. வலியோடு வந்தவளைத் திருப்பி அழைத்துப் போக மனமில்லாமல் பணம் கட்டினார்கள். அடகுக்குப் போனதும் அவளுடைய நகைதான். "நெல்லுக்கு இன்சூரன்ஸ் தவறாமல் கட்டினேன் சார், இதைக் கவனிக்கவில்லை" என்றார் அவர்.

இந்தக் கதை ஒரு வீட்டோடு முடிவதில்லை. ஆகையால் காப்பீடு எப்படி இயங்குகிறது, அதில் பெண்கள் எங்கே விடுபட்டுப் போகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எண்ணிக்கை வரம்பும் விடுபட்டவர்களும்

கைத்தறி நெசவாளர்களுக்கு 2005ஆம் ஆண்டு மைய அரசு ஒரு நலக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. நெசவாளர், அவர் துணைவர், இரண்டு குழந்தைகள் ஆகிய நால்வருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.15,000 வரை மருத்துவச் செலவு கிடைத்தது. தறியில் உட்காருபவர் மட்டுமன்றி, நூல் சுற்றுவோர், பாவு ஓட்டுவோர், சாயம் தோய்ப்போர் ஆகியோரும் அதில் சேரலாம் என்றது நல்ல ஏற்பாடு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்ய மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிய இரண்டாவது ஆள் உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் மனைவி அல்லது மகள். தார் சுற்றுவதும் அவர்களே. கூலிப் புத்தகத்தில் எழுதப்படுவதோ ஒரே பெயர்.

2008ஆம் ஆண்டு நாட்டில் வந்த தேசிய சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்கு ரூ.30,000 வரை அளித்தது. நால்வர், ஐவர் என்று வரம்பு வைத்தால் வீட்டில் ஆறாவது ஆள் யார் என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஆறாவது ஆள் பாட்டியாகவோ கடைசிப் பெண்ணாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். 2018ஆம் ஆண்டு மைய அரசின் புதிய திட்டம் வந்தபோது ஆள் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் வரம்பு இல்லை என்று வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணமே, பெண்களும் பெண் குழந்தைகளும் முதியோரும் விடுபடக் கூடாது என்பதுதான்.

மேலைநாடுகளிலும் பெண்களுக்கு இந்த வழக்கு உண்டு, ஆனால் வடிவம் வேறு. ஒரே வயது, ஒரே காப்பீடு. பெண் என்பதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012 டிசம்பரிலிருந்து அங்கே புதிய காப்பீடுகளில் இந்த வேறுபாடு நீங்கியது. அமெரிக்காவில் தனியாரும் சிறு நிறுவனங்களும் வாங்கும் நலக் காப்பீட்டில் 2014 முதல் தடை செய்தார்கள். அவர்கள் கட்டணத்துக்காகப் போராடினார்கள். இங்கே கட்டணமே இல்லாத காப்பீட்டில் நம் வீட்டுப் பெண்ணின் பெயர் ஏறவில்லை.

நம் மாநிலத் திட்டம்

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2018இல் மைய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை என்றானது. ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000 ஆக இருந்தது, 2022இல் ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. காப்பீட்டுத் தொகையை அரசே கட்டுகிறது.

இதில் குடும்பம் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோர். இவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியில்தான் புதிதாக வாழ வந்த பெண் நழுவிப் போகிறாள். ஆண் பிறந்த வீட்டிலேயே இருக்கிறான். அவன் பெயர் எங்கும் போக வேண்டியதில்லை. பெண்ணுக்கோ ஓர் இடத்தில் நீக்கி மற்றோர் இடத்தில் சேர்க்க வேண்டும். கணவன் கைவிட்ட பெண்ணுக்கு இன்னும் தொல்லை. அவள் தாய்வீட்டில் இருப்பாள், பெயர் அவன் அட்டையில் இருக்கும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. திருமணச் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதலில் பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்குங்கள். பிறகு புகுந்த வீட்டு அட்டையில் சேருங்கள். தடை ஏற்பட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தை பிறந்தாலும் காலம் கடத்தாமல் பெயரை ஏற்றிவிடவும். அடுத்து வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுப் பதிவு மையத்திற்குச் செல்லலாம். மதுராந்தகம், செய்யூர் பக்கத்து உழவர்கள் 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் என்பதை மறந்து காஞ்சிபுரத்துக்கு வீணாக அலைய வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது படுத்து மருத்துவம் பார்ப்பதற்கான காப்பீடு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைச் செலவு இதில் வராது. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் நாட வேண்டும்.

வருமான வரம்பைத் தாண்டியவர்கள்

இவர்கள் சொந்தப் பணத்தில் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கிறது. மாதம் ரூ.1,000 வீதம் ஆண்டுக்கு ரூ.12,000 கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு இதன்மேல் 18 சதவீத வரியாக ரூ.2,160 சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பக் காப்பீடுகளுக்கு அந்த வரி இல்லை. குடும்பக் காப்பீட்டில் மூத்தவரின் வயதை வைத்தே கட்டணம் ஏறும்; ஆகவே வயதான பெற்றோருக்குத் தனியாக எடுப்பதே பெரும்பாலும் சிக்கனம். சிக்கனம் என்ற பெயரில் தாயை விட்டுவிட்டுத் தந்தைக்கு மட்டும் எடுப்பது கணக்கில் சேராது. பேறுகாலச் செலவு உண்டா, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கையொப்பமிடுமுன் கேட்கவும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி.

காலத்தே பார்த்தல்

குருத்துப் பூச்சி முட்டைக் குவியலாக இருக்கும்போது நாற்றின் நுனியைக் கிள்ளினால் போதும். வெண்கதிர் தெரிந்தபின் மருந்தடித்துப் பயனில்லை. நம் நாட்டுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் இத்தகையவையே. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இவற்றுக்கான பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில் 1969இல் நிறுவப்பட்ட அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அரசு மருத்துவமனையே. கட்டி சிறிதாக இருக்கும்போது போகிறவளுக்கும் புண்ணான பிறகு போகிறவளுக்கும் செலவும் வேறு, முடிவும் வேறு. கூச்சத்தால் சொல்லாமல் இருப்பவளிடம் வீட்டார்தாம் கேட்க வேண்டும்.

அடுத்த பயிற்சிக்கு வரும்போது மண் மாதிரியோடு குடும்ப அட்டையின் நகலையும் எடுத்து வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். விதைநேர்த்தி முடிந்ததும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடலாம்.