குகைக்குப் போகும் பழைய வண்டி: இழுப்பது எஞ்சினா, மண்ணா?

மாணவர்களே, பத்துமலைக்குப் போக நமக்கு வண்டி தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினால் மலையடிவாரத்திலேயே இறங்கிவிடலாம். அதற்குப் பிறகு 272 படிகள்தான். நம் நாட்டின் எல்லாக் குகைகளும் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. பகாங் மாநிலத்தின் மெராப்போ பக்கம் போனால், தார்ச்சாலை முடிந்த பிறகும் செம்மண் பாதையில் போக வேண்டிய குகைகள் உண்டு. அப்படிப்பட்ட பாதைகளில் குகைப் பயணிகள் நம்புவது பெரும்பாலும் பழைய வண்டிகளைத்தான். தோட்டத்து லோரி, கிழட்டு ஹைலக்ஸ், கேமரன் மலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்கும் லேண்ட் ரோவர் போன்றவை.

பளபளப்பான புதுக் கார்களுக்கு இவற்றைவிடக் குதிரைத்திறன் அதிகம். பிறகு ஏன் இந்தக் கிழங்கள்?

ஆசிரியர் பயிற்சி முடித்த ஆண்டு, நண்பர் ஒருவரின் பழைய லேண்ட் ரோவரில் ஐந்து பேர் ஒரு குகைக்குப் போனோம். கடைசி அரை கிலோமீட்டரில் ஒரு செங்குத்தான இறக்கம். காய்ந்த பாதை, காலை ஒன்பது மணி. சிரமமே இல்லாமல் இறங்கி, அடியில் நிறுத்திவிட்டுக் குகைக்குள் போனோம். மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தபோது மழை கொட்டி ஓய்ந்திருந்தது. எங்களில் ஒருவருக்குக் குகைக்குள் கணுக்கால் பிசகி, நடக்க முடியவில்லை. காலையில் இறங்கிய அதே பாதையில் வண்டி பாதி ஏறியது, நின்றது, நான்கு சக்கரமும் சுழல மெல்லப் பின்னால் வழுக்கியது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து போட்ட கணக்கை இப்போது உங்களுக்குத் தருகிறேன். பேனா எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் 5 இயற்பியலில் விசையைக் கூறாக்கிப் பார்க்கிறீர்களே, அது போதும்.

பழைய லேண்ட் ரோவரின் பெட்ரோல் எஞ்சின் தரும் முறுக்குவிசையைச் சுமார் 160 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய எண் அல்ல. ஆனால் அந்த வண்டியில் வழக்கமான கியர் கம்பியோடு, சிவப்புக் குமிழ் வைத்த இன்னொரு கம்பியும் உண்டு. அதை இழுத்தால் இரண்டாவது பல்சக்கரப் பெட்டி ஒன்று வேலையில் சேரும். முதல் கியரும் அதுவும் அச்சுப் பல்சக்கரமும் சேர்ந்து, எஞ்சின் ஏறக்குறைய 40 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் 40 மடங்கு குறைகிறது, முறுக்குவிசை 40 மடங்கு கூடுகிறது. சைக்கிளில் மேடு ஏறும்போது பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுகிறீர்களே, அதே வித்தைதான்.

160 ஐ 40 ஆல் பெருக்கினால் 6,400 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 0.4 மீட்டர். வகுத்தால் 16,000 நியூட்டன். வழியில் பல்சக்கரங்கள் தின்னும் சக்தியை இங்கே விட்டுவிட்டேன்.

ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வண்டி 2,000 கிலோகிராம், அதாவது 20,000 நியூட்டன் எடை. பாதையின் சரிவு 20 பாகை. வண்டியைக் கீழே இழுக்கும் கூறு 20,000 பெருக்கல் சைன் 20. சுமார் 6,800 நியூட்டன். எஞ்சினிடம் இருப்பது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அப்படியானால் ஏன் ஏறவில்லை?

சக்கரம் மண்ணைப் பின்னால் தள்ளுகிறது, மண் வண்டியை முன்னால் தள்ளுகிறது. மண் எவ்வளவு தள்ளும் என்பதை முடிவு செய்வது உராய்வு, நீங்கள் வகுப்பில் கெசெரான் என்று படிப்பது. சரிவில் மண்ணுக்குச் செங்குத்தாக அழுத்தும் விசை சுமார் 18,800 நியூட்டன். காய்ந்த செம்மண்ணுக்கு உராய்வுக் குணகம் 0.6 என்று எடுத்தால், கிடைக்கும் பிடி 11,000 நியூட்டனுக்குச் சற்று மேல். ஏறலாம். மழையில் அது 0.3 ஆகக் குறைந்தால் 5,640 மட்டுமே. தேவை 6,800. அவ்வளவுதான் விஷயம். அங்கே எவ்வளவு பெரிய எஞ்சினைக் கொண்டு வந்து பூட்டினாலும் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலுமே தவிர வண்டி நகராது.

நான்கு சக்கர ஓட்டம் ஏன் வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. இரண்டு சக்கரம் மட்டும் ஓட்டினால், எடையில் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கு உதவும். அந்தச் சரிவு காய்ந்திருந்தாலும் அப்படிப்பட்ட வண்டிக்குக் கடினம்.

நாங்கள் முதலில் செய்த தவறு, மிதியை அழுத்தியது. சுழன்று வழுக்கும் சக்கரத்துக்கு, வழுக்காமல் உருளும் சக்கரத்தைவிடப் பிடி குறைவு. மெதுவாக, ஒரே சீராகப் போயிருக்க வேண்டும். சிவப்புக் குமிழின் உண்மையான பயன் அதுதான்: நடக்கும் வேகத்தில், எஞ்சின் அணையாமல் ஊர்ந்து போகலாம்.

பிறகு டயர் காற்றை இறக்கினோம். ஒரு டயர் மேல் 5,000 நியூட்டன் என்றால், 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் மண்ணைத் தொடும் பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். 140 ஆக இறக்கினால் சுமார் 360. கெட்டிக்கார மாணவர் ஒருவர் இங்கே கை தூக்குவார்: "சார், உராய்வு பரப்பைப் பொறுத்ததில்லை என்று படித்தோமே?" சரிதான், ஆனால் சேறு கெட்டியான திடப்பொருள் அல்ல. அதில் சக்கரம் புதைவதும், மண் அடுக்கு அறுந்து நழுவுவதும் பரப்பைப் பொறுத்தவை. காற்றிறக்கிய டயரோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம் என்பதால், பம்பு இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

சக்கரங்களுக்கு அடியில் சரளைக் கல்லும் காய்ந்த மட்டையும் போட்டு, இருட்டிய பிறகு மேலே வந்தோம். காயப்பட்ட நண்பர் நான்கு மணி நேரம் வண்டிக்குள் வலியோடு உட்கார்ந்திருந்தார். அன்று முதல் இறக்கத்துக்கு மேலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறோம்.

குகைப் பக்கத்து மண் ஏன் இப்படி வழுக்குகிறது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அது சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் குகை தோண்டுகிறது. கரையாமல் மிஞ்சும் களிமண் மேலே தங்கிவிடுகிறது. குகையைத் தோண்டிய நீர்தான் வண்டியையும் வழுக்க வைக்கிறது.

லேண்ட் ரோவர் 1948இல் அறிமுகமானது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். நம் ஈரக் காற்றில் அந்த உடல் இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை, சேற்றுக் காலோடு ஏறினாலும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். அடியில் இருக்கும் எஃகுச் சட்டம் மட்டும் துருவேறும். வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கேதான் குனிந்து பார்ப்பார்கள்.

இந்த வண்டிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒழுகும். சாதாரண நிலத்தில் கொட்டும் எண்ணெயை மண் ஓரளவு பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு மலையிலோ வெடிப்புகள் வழியே நீர் வடிகட்டப்படாமல் நேராகக் குகை ஓடைக்குப் போய்விடும். அங்கே வாழும் உயிர்களில் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. பத்துமலையின் இருட்குகையில், தன் பொந்துக்கு மூடி செய்துகொள்ளும் அரிய சிலந்தி ஒன்று வாழ்கிறது. என் நண்பர் இப்போது எங்கே நிறுத்தினாலும் கியர் பெட்டிக்கு அடியில் பழைய கேக் தட்டு ஒன்றைத் தள்ளி வைக்கிறார். கிளம்பும்போது அதில் தேங்கியதைப் போத்தலில் ஊற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்.