ஆப் மூலம் வீட்டு வேலையா? சேரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

விழுப்புரம் – செஞ்சி வழியில் இருக்கும் மண்டகப்பட்டு எதற்குப் பேர் போனது? செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயிலுக்கு. யார் செய்தது, எப்படிச் செய்தது என்று அங்கேயே கல்லில் எழுதியிருப்பதால்தான் 1,300 வருஷத்துக்கு மேல் கடந்தும் நமக்குத் தெரிகிறது.

வீட்டு வேலையில் இல்லாதது அந்த எழுத்துதான். பாத்திரம் தேய்ப்பவருக்கும் சமையல் செய்பவருக்கும் நியமனக் கடிதம் கிடையாது, சம்பள ரசீது கிடையாது. இப்போது வேலை ஆப்புக்குள் வந்துவிட்டதால் வந்த நேரம், போன நேரம், வாங்கிய ஸ்டார் எல்லாமே பதிவாகிறது. ஆனால் அந்தப் பதிவு யார் கையில் இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

என்ன மாறியிருக்கிறது?

பெருநகரங்களில் உணவு ஆர்டர் செய்வது போலவே வீட்டு வேலைக்கும் ஆள் புக் செய்கிறார்கள். 2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி மும்பையில் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. அறிமுகச் சலுகை, ஒரு மணி நேரத்துக்கு 49 ரூபாய். பெயருக்கும் விலைக்கும் கடும் விமர்சனம் வந்ததால் பெயர் 'இன்ஸ்டா ஹெல்ப்' ஆனது. ஸ்னாபிட், ப்ரான்டோ போன்ற ஆப்களும் இதே களத்தில் இருக்கின்றன.

"இது நகரத்து சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நினைக்காதீங்க. செஞ்சிப் பக்கத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போகும் அக்கா, அண்ணி யாருக்கும் நாளைக்கே இந்த அழைப்பு வரலாம். அவங்க போனில் ஆப்பை இறக்கித் தரப்போவது நீங்களாக இருக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. விளம்பரத்தில் "மணிக்கு 150 ரூபாய்" என்று இருக்கிறது. ஒரு நாளில் 6 மணி நேரம் புக்கிங் கிடைத்தால் 900 ரூபாய். ஆப் 20 சதவீதம் கமிஷன் எடுத்தால் 180 போகும். பஸ் செலவு, டேட்டா என்று 90 ரூபாய். மிச்சம் 630.

இப்போது நேரத்தைப் பாருங்க. காலை 7 மணிக்குக் கிளம்பி, இரண்டு புக்கிங்குக்கு நடுவில் தெருமுனையில் காத்திருந்து, மாலை 5 மணிக்கு வீடு திரும்பினால் 10 மணி நேரம். 630-ஐ 10-ஆல் வகுத்தால் மணிக்கு 63 ரூபாய்தான். 150 எப்படி 63 ஆச்சு என்று தெரிந்த பிறகு சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்க.

சேரும் முன் இந்த ஐந்தையும் கேளுங்க: கமிஷன் எவ்வளவு? காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா? புக்கிங்கை மறுத்தால் அபராதமா? வேலையில் அடிபட்டால் காப்பீடு உண்டா? ஐடி முடக்கப்பட்டால் முறையிட வழி என்ன?

'பார்ட்னர்' என்றால் என்ன அர்த்தம்?

பெரும்பாலான ஆப்கள் உங்களை ஊழியர் என்று சொல்லாது, 'பார்ட்னர்' என்று சொல்லும். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் ஊழியர் இல்லை என்றால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போன்ற பாதுகாப்பு தானாக வராது. ஸ்டார் குறைந்தால் வேலையே நின்றுபோகலாம். 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகம் முன்பு அழகுக்கலைப் பணியாளர்கள் போராடியது கமிஷன் போன்ற பிரச்சினைகளுக்காகத்தான்.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020, கிக் தொழிலாளர்களையும் ஆப் வழிப் பணியாளர்களையும் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களின் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. பணியாளர்களுக்கு அவை கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் என்பது இதற்கு உச்சவரம்பு. பலன் வேண்டுமென்றால் உங்கள் பெயர் பதிவில் இருக்க வேண்டும்.

எங்கே பதிவு செய்வது?

இ-ஷ்ரம்: 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாரா தொழிலாளர்களுக்கானது. 12 இலக்க எண் கிடைக்கும். உதவி எண் 14434.

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம்: 2007 முதல் இயங்குகிறது. கல்வி, திருமணம், மகப்பேறு உதவி, விபத்து நிவாரணம், ஓய்வூதியம் ஆகியவை உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வையுங்க.

தமிழ்நாடு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம்: 2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்தது. ஆப் வழி வேலை செய்பவர்களுக்கானது.

நேரடியாக இரண்டு வீடு, ஆப் மூலம் இரண்டு வீடு என்று பார்க்கிறீர்களா? உங்களுக்கு எந்த வாரியம் பொருந்தும் என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்க. "பதிவு செய்து தருகிறேன், ஜிபே-யில் பணம் போடுங்க" என்று யாராவது போன் செய்தால் நம்பாதீங்க. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்க.

பிரச்சினை வந்தால்?

வேலை செய்யும் வீட்டில் பாலியல் தொல்லை என்றால், அந்த வீடும் சட்டப்படி பணியிடம்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் சேர்த்தே காக்கிறது. மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தரலாம். முகாந்திரம் இருந்தால் குழு அதை 7 நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு 181 அல்லது 112.

சம்பளப் பிரச்சினைக்கு ஆதாரம்தான் பலம். ஒவ்வொரு புக்கிங்கையும், வந்த பணத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி வாரியாக வையுங்க. ஐடி முடங்கினால் ஆப்பையே திறக்க முடியாது. அப்போது உங்களிடம் மிஞ்சுவது இந்தப் படங்கள்தான்.

புக் செய்பவரா நீங்கள்?

வீட்டுக்கு வருபவரின் பெயரைக் கேளுங்க. தண்ணீர் கொடுங்க, கழிப்பறையைப் பயன்படுத்த விடுங்க. புக் செய்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மணி நேர வேலையைத் திணிக்காதீங்க. கோபத்தில் ஒரு ஸ்டார் தட்டும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்க. உங்களுக்கு அது விரல் நுனி வேலை. அவருக்கு அடுத்த மாச வீட்டு வாடகை.