காய்ந்த குழியும் கவலையே

சென்னையின் கடலோர மணலில் பேஸ்மென்ட் தோண்டும் இடங்களில் ஊற்றெடுத்தால் உடனே காதில் விழும் தீர்வு, "பெரிய மோட்டாரா போடுங்க சார்" என்பதுதான். மண்ணையும் நீரையும் பற்றி அங்கே உலவும் இன்னும் சில நம்பிக்கைகளையும் சேர்த்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: குதிரைத்திறன் கூடினால் எந்த ஆழத்திலிருந்தும் உறிஞ்சலாம்.

உண்மை: மேலே வைத்த பம்புக்குத் தண்ணீரை ஏற்றித் தருவது காற்றழுத்தம். கணக்குப்படி அதன் எல்லை சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 5, 6 மீட்டருக்கே மூச்சு வாங்கும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் வெல்பாயின்ட் எனும் மெல்லிய உறிஞ்சு குழாய்களை இரண்டு தட்டாக இறக்க வேண்டும். இல்லையேல் ஆழ்கிணறு போட்டு உள்ளே சப்மெர்சிபிள் விட வேண்டும். குழிக்குள்ளேயே சம்ப் வெட்டி இறைப்பது மணலில் ஆபத்து. நீர் அடியிலிருந்து கொப்பளித்து ஏறும்போது மணலையும் தூக்கிவரும். சுற்றிலும் கிணறு போட்டு, தோண்டப்போகும் ஆழத்துக்கு அரை மீட்டர் கீழே நீர்மட்டத்தை முதலில் இறக்கிவிட்டே தோண்ட வேண்டும்.

நம்பிக்கை: கலங்கலாக வந்தால் நன்றாக இழுக்கிறது.

உண்மை: தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கலங்கலாம். பிறகும் தெளியவில்லையென்றால், கிணற்றைச் சுற்றிப் போட்ட வடிகட்டும் சரளை சரியில்லை. பக்கத்து வீட்டு அஸ்திவாரத்து மண் குழாய்வழியே போகிறது. தெளிந்த நீரே வந்தாலும் நிம்மதிக்கு இடமில்லை. நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழுள்ள மண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் கூடுதல் சுமை தாங்க வேண்டியிருக்கும். இளகிய களிமண் அதைத் தாங்காமல் மெதுவாக அமிழும். சுவர் விரிசல் பல வாரம் கழித்து வரும். அதற்குள் கான்ட்ராக்டர் வேறு சைட்டில் இருப்பார்.

நம்பிக்கை: களிமண் குழி காய்ந்திருக்கிறது, இறைக்க என்ன இருக்கிறது?

உண்மை: எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். களிமண்ணுக்கு அடியில் மணல் அடுக்கு இருந்து, அதில் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கலாம். குழியின் அடியில் 2 மீட்டர் களிமண் மிஞ்சியிருந்தால் அதன் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 3.6 டன். கீழேயுள்ள மணலின் நீரழுத்தம் 5 மீட்டர் உயர நீருக்குச் சமமென்றால் மேல்நோக்கிய தள்ளல் 5 டன். ஒரு சொட்டு நீர்கூடக் கண்ணில் படாமலே குழியின் தரை பொங்கி உடையும். நீரழுத்தம் அளக்கும் பிசோமீட்டர் குழாய் ஒன்றை மணல்வரை இறக்கிப் பார்த்தால் முன்பே தெரிந்துவிடும். மணலில் அழுத்தம் தணிக்கும் கிணறுகள் போட்டுக்கொண்டு தோண்டலாம்.

நம்பிக்கை: ராஃப்ட் போட்டாச்சு, மோட்டாரை நிறுத்தலாம்.

உண்மை: ராஃப்ட் என்பது கட்டடத்தின் அடியில் போடும் கான்கிரீட் தளம். 60 சென்டிமீட்டர் ராஃப்ட்டின் எடை சதுர மீட்டருக்கு 1.5 டன். நீர்மட்டம் அதன் அடியிலிருந்து 3 மீட்டர் மேலே திரும்பினால் 3 டன் தள்ளும். தளம் மிதக்கும், இல்லை விரிசல் விடும். மேலே எத்தனை மாடி ஏறிய பிறகு நிறுத்தலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். அதுவரை கரண்ட் போனாலும் பம்ப் நிற்கக் கூடாது; ஜெனரேட்டர் வாடகையை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.